சிவப்பு மையில் பதினொன்று

நீலாவதி அடுப்பில் உலையை ஏற்றியதும் தனசேகரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எதையோ குறித்துக்கொண்டான். காலையிலிருந்து இது எட்டாவது தடவை.

பருப்பு எடுக்க வேண்டும். சாமான் அறைச் சாவி மாமியார் ராஜாம்பாளின் இடுப்பில்; மாமியாரோ அடுத்த வீட்டில் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள். நீலாவதி ஓடிப்போய்ச் சாவியை வாங்கி வந்து, பருப்பை அள்ளி, பூட்டி, திரும்பக் கொடுத்துவிட்டு வந்தாள். அதற்கும் மணி பார்த்தான் புருஷன். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் என்ன பெண்டாட்டியா, பரீட்சை எழுதுகிற பிள்ளையா?

மெட்ராஸ் ஆபீசில் கம்ப்யூட்டர் என்று ஒரு மெஷின் வந்திருக்கிறது. அதற்குப் புரோகிராம் எழுதுவது அவன் வேலை. பத்து நாள் லீவில் செஞ்சிக்கு வந்த அன்றே அம்மாவிடம் பெருமையடித்தான். எட்டு மணி நேரம் ஓடிய புரோகிராமை ஒரு மணி நேரத்தில் முடிக்க வைத்தானாம்.

"எதுல நேரம் போவுதுன்னு மொதல்ல அளந்து பாக்கணும்மா. தேவையில்லாதது எதுன்னு தெரிஞ்சதும் வெட்டி எறிஞ்சிடணும்."

மறுநாளே நோட்டும் பேனாவும் வந்துவிட்டன. இந்த வீட்டுக்குத் தேவையில்லாதது யார் என்று நீலாவதிக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நோட்டைக் கட்டில்மேல் வைத்துவிட்டு அவன் அடுத்த வீட்டுக்குப் போனான். அவள் பிரித்துப் பார்த்தாள். நாளுக்கு ஒரு பக்கம். ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்பு மையில் வட்டம் போட்ட எண். ஒன்பது, எட்டு, நேற்று பதினொன்று. நூற்றுக்குப் பதினொரு மார்க்! அஞ்சாம் வகுப்புக் கணக்கில்கூட அவள் இவ்வளவு மட்டமாக வாங்கியதில்லை.

அடுத்த வீட்டிலிருந்து மாமியாரின் குரல் கேட்டது. "கல்யாணமாகி ஒம்பது மாசம் ஆவல, அதுக்குள்ளயாடா? ஊரு இன்னா சொல்லும்?"

அவ்வளவுதான். நீலாவதி டிரங்குப் பெட்டியில் புடவைகளை அடுக்கினாள். கண்ணீர் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

திரும்பி வந்தவன் பெட்டியைப் பார்த்துத் திகைத்தான். எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்டான்.

"வல்லத்துக்கு, எங்க நைனா வூட்டுக்கு. நீங்க வெட்டி எறியறதுக்கு முன்னாடி நானே போயிடறேன்."

அவன் அவள் கையைப் பிடித்து, உள்ளங்கையில் சாமான் அறைச் சாவியை வைத்தான்.

"இதுக்காக ஒரு நாளைக்குப் பதினாலு தடவ அம்மாவத் தேடி ஓடுற. அந்த ஓட்டத்ததான் வெட்டினேன். அம்மாகிட்ட மல்லுக்கட்டி வாங்கியாந்தேன்."

நீலாவதி சாவியைப் பார்த்தாள். சந்தேகம் முழுதாகத் தீரவில்லை. நோட்டை விரித்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அப்போ எனக்கு எதுக்குப் பதினோரு மார்க்கு?"

தனசேகரன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அது மார்க்கு இல்ல நீலா. நேத்து நீ எம் பக்கத்துல உக்காந்த நிமிஷம்."