முதல் கத்தி வைத்தவன்

விடிந்ததும் விடியாததுமாகக் கத்தியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய பொன்சாமியை வழிமறித்தாள் அஞ்சலை.

"எங்க போறீங்க?"

"கரும்பு வெட்ட."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. சர்க்கரை மில்காரன் நியாயமான விலை தரும்வரை வெட்டுவதில்லை என்று லம்பாசா வட்டாரக் கரும்பு விவசாயிகள் ஐந்து மாதமாகப் போராடிக்கொண்டிருந்தார்கள். பால் வாங்க வழியில்லாமல் பக்கத்து வீட்டு சரோஜ் கைக்குழந்தைக்கு மரவள்ளிக் கஞ்சியை ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்போதும் யாரும் கரும்பில் கை வைக்கவில்லை.

"சங்கத்துல சத்தியம் பண்ணிட்டு வந்தீங்களே!"

அவன் அவளை விலக்கிவிட்டுத் தன் வயலுக்கு நடந்தான்.

பத்துக் கரும்பு சாய்வதற்குள் ஊரே வரப்பில் கூடிவிட்டது. சங்கத் தலைவர் இப்ராஹிம் பாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"துரோகி! இத்தனை குடும்பத்தையும் வித்துட்டியேடா! உன் வீட்டுல இனி யாரும் தண்ணிகூடக் குடிக்க மாட்டாங்க!"

யாரோ எறிந்த மண்கட்டி பொன்சாமியின் தோளில் பட்டுச் சிதறியது. அவன் நிமிரவே இல்லை.

மத்தியானத்துக்குள் அடுத்த வயல் மகேந்திராவும் கத்தியை எடுத்துவிட்டான். "ஒருத்தன் வெட்டிட்டான். இனிமே நாம மட்டும் கரும்பைக் காயவிட்டு என்ன ஆகப்போகுது?"

சாயங்காலம் எல்லார் வயலிலும் வெட்டு நடந்தது. போராட்டம் முடிந்தது. பொன்சாமியிடம் மட்டும் யாரும் பேசவில்லை.

"பாய்கிட்ட போய் மன்னிப்புக் கேளுங்க," என்றாள் அஞ்சலை.

"வேணாம், விடு."

அவளால் விட முடியவில்லை. அன்று ராத்திரி தானே இப்ராஹிம் வீட்டுக்குப் போனாள். பாய் கொல்லையில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"பாய், அவர் ஏன் இப்படிப் பண்ணினாருன்னு எனக்கே தெரியல. நீங்க பெரிய மனசு பண்ணி..."

"நிறுத்தும்மா." என்றார் பாய். "தோத்துட்டோம், புள்ளைங்க சாகறதுக்குள்ள வெட்டிடலாம்னு சொல்லப் போனவன் நான். நேத்து என்னைத் தடுத்ததே உன் புருஷன்தான்."

"அவரா? ஏன் பாய்?"

"'தலைவரே தோல்வின்னு சொன்னா சங்கமே செத்துடும், பாய். ஒரு துரோகியாலதான் தோத்தோம்னு இருக்கட்டும். அடுத்த தடவை போராட சங்கம் வேணும். நான் வெட்டறேன், எல்லாரையும்விடச் சத்தமா நீங்க என்னைத் திட்டணும்'னு சொல்லிட்டுப் போனான்மா."