மூன்று உத்திகள்

வீட்டுப்பக்கமே வராத மகளுக்கு ஒரு தாய் எழுதிய கடிதத்தை ஆசிரியை வகுப்பில் வாசித்தார்.

"படிக்கிறவங்க மனசை மாத்த இதுல என்னென்ன உத்தி இருக்கு?"

"'சொந்தக்காரங்க எல்லாரும் உன்னைக் கேக்குறாங்க.' கும்பலைக் காட்டி இழுக்குறாங்க மிஸ்!"

"'உன்னை விட்டா எனக்கு யாரு?' சென்டிமென்ட்!"

"'ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு தடவை வந்துட்டுப் போ.' பயமுறுத்தல் மிஸ். அந்தம்மாவுக்கு ஒண்ணும் இருக்காது, சும்மா பிட்டைப் போடுறாங்க!"

வகுப்பே சிரித்தது.

"சரியான விடை," என்றார் ஆசிரியை. அவர் கையிலிருந்த கடிதத்திலும் அதே மூன்று வரிகளின் கீழ்தான் சிவப்புக் கோடு இருந்தது. கோடு போட்டுத் திருப்பி அனுப்பியவள் அவருடைய மகள். அவளுக்கும் இந்தப் பாடத்தை நடத்தியவர் அவர்தான்.

கரும்பலகையைத் துடைத்தார்.

"நாளையிலேருந்து எனக்கு லீவு. வேற மிஸ் வருவாங்க."