ஒண்ணும் ஆகாது

“மலை முழுக்க மேகம் மூடியிருக்கு சார். இந்தச் சின்ன விமானத்தை வெச்சுக்கிட்டு அதுக்குள்ள நுழைய முடியாது,” என்றார் விமானி.

டை கட்டிய பயணி விடவில்லை. “பத்து மணிக்கு அந்தப் பக்கம் எனக்கு மேனேஜர் பதவிக்கு இன்டர்வியூ. பஸ்ல போனா சாயங்காலம் ஆயிடும். எட்டு வருஷக் கனவுங்க.”

“இறக்கையில பனி உறைஞ்சா கல்லு மாதிரி விழுவோம். எதிர்ல பாறை வந்தாலும் தெரியாது.”

“சும்மா பயமுறுத்தாதீங்க. தினமும் பறக்கறவர்தானே நீங்க? ஒண்ணும் ஆகாது.”

விமானி டிக்கெட்டில் இருந்த பெயரை ஒருமுறை பார்த்துவிட்டு ஒரு தாளை நீட்டினார். “அப்போ அதையே எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

‘இந்த வானிலையிலும் மலைமேல் பறப்பதில் எந்த ஆபத்தும் இல்லை’ என்று விறுவிறுவென எழுதி, கையெழுத்திட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டார் பயணி. “கிளம்பலாமா?”

விமானி மேஜை டிராயரிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து, அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். போன வாரம் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து அவருக்கு வந்தது.

‘மலைமேல் சிறிய விமானம் ஓட்டுவது மிகவும் ஆபத்தான தொழில் என்பதால் உங்களுக்கு பாலிசி வழங்க இயலாது.’

கீழே அதே கையெழுத்து.

“இதுல எந்தக் கையெழுத்தை நம்பறது சார்?”

பயணி ஜன்னல் வழியே மலையைப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்:

“பஸ் ஸ்டாண்ட் எந்தப் பக்கம்?”