கரடிக்குக் கட்டிய மணி

ஜப்பானிய மலை விடுதியில் வரைபடத்தை விரித்து, மறுநாள் நடைக்குச் செங்குத்துப் பாதையையே தேர்ந்தெடுத்தார் சிங்காரவேலர். நெஞ்சில் அறுவை சிகிச்சை முடிந்தபின் அவர் ஏறப்போகும் முதல் மேடு. கரடி விலகிப் போக அங்கே எல்லோரும் பையில் மணி கட்டுவார்கள்.

"நான் என்ன கோயில் மாடா? கரடி என்னைக் கண்டு ஓடட்டும்!"

"கரடிக்கில்லீங்க," என்று மனைவி தையல்நாயகி மணியைக் கட்டினாள். "நீங்க முன்னால போயிடுவீங்க. எனக்குக் கேக்கணும்."

ஒத்திகைக்காகப் பையோடு விடுதியின் மரப்படிகளில் ஏறினார். பாதியில் மணி நின்றது. கீழே அறையில், கையிலிருந்த சட்டையை மடிக்காமல் அவள் காத்திருந்தாள்.

மணி மறுபடி கணகணவென்று ஒலித்தது. காலடிச் சத்தம் மட்டும் இல்லை; நின்ற இடத்திலேயே கையால் ஆட்டுகிறார்.

அவள் வரைபடத்தில் ஆற்றோரச் சமவெளிப் பாதையை விரலால் தேடத் தொடங்கினாள்.