இருநூறாவது கையெழுத்து

"கதவை உடைச்சீங்கன்னா, அதுக்குத் தனியா ஒரு மனு எழுத வேண்டியிருக்கும்மா!"

தடாலென்று சுவரில் மோதித் திரும்பி வந்த கதவு, தையல்கடைக்காரம்மாவின் முதுகிலேயே ஒரு தட்டுத் தட்டியது. அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. கையிலிருந்த காகிதக் கட்டை நகராட்சி சட்ட அலுவலரின் மேஜையில் தொப்பென்று போட்டாள்.

"இது மூணாவது தடவை சார். இருநூறு கையெழுத்து வேணும்னீங்க. இருநூத்தி நாலு இருக்கு. நாலு மணிக்குக் கூட்டம். முத்திரையைக் குத்துங்க, நான் உள்ளே கொடுத்துட்டுப் போயிட்டே இருக்கேன்."

சட்ட அலுவலர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். ஊருக்குள் அவருக்குக் 'கமா சார்' என்று பெயர். ஒரு கமா விட்டுப்போனாலும் மனு வீடு திரும்பிவிடும். பொதுமக்களின் எந்த மனுவும் சட்டப்படி சரி என்று அவர் முத்திரை குத்தினால்தான் நகர்மன்றக் கூட்டத்துக்குப் போகும். நான்கு வருடங்களில் அப்படிப் போனவற்றை எண்ண ஒரு கை விரல்களே அதிகம்.

இப்போது வந்திருப்பது, அவரையே இந்த ஊரைவிட்டு மாற்றச் சொல்லும் மனு.

"உங்க மேல வந்த மனுவை நீங்களே சரிபார்க்கிறது எந்த ஊரு நியாயம் சார்?"

"சட்ட அலுவலர்னு நான் ஒருத்தன்தானேம்மா இருக்கேன்? உட்காருங்க."

"உட்கார வரலை. முதல் தடவை, 'தொல்லை கொடுக்கிறார்'னு மொட்டையா எழுதக் கூடாது, தேதியோட ஆதாரம் வேணும்னீங்க. ரெண்டு பக்கம் எழுதியாச்சு. அடுத்த தடவை, 'கமா சார்'னு போட்டா செல்லாது, முழுப் பேரும் பதவியும் வேணும்னீங்க. அதையும் போட்டாச்சு."

"பார்த்தேன். தெருவிளக்கு விவகாரத்தை முதல்ல வச்சிருக்கீங்க."

"வைக்காம? விளக்கு எரியலைன்னு எழுதினேன். என்னிக்கிலிருந்துன்னு கேட்டுத் திருப்பினீங்க. தேதி போட்டேன். எரியாததைப் பார்த்த சாட்சி யாருன்னு கேட்டீங்க. இருட்டுல யாரு சார் யாரைப் பார்க்கிறது? என் மாமியார் பள்ளத்துல விழுந்து கால்ல கட்டோட கிடக்கிறாங்க. பொழுது சாய்ஞ்சா என் கடைப் பக்கம் ஒரு ஈ காக்கா வர்றதில்லை. நீங்க போனாத்தான் எங்க தெருவுல வெளிச்சம் வரும்!"

மூலையிலிருந்த டைப்பிஸ்ட் அம்மா இருமுவதுபோல் சிரித்தாள்.

கமா சார் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"பதினேழாவது கையெழுத்து. 'பாப்பாவோட அப்பா'ன்னு இருக்கு. எந்தப் பாப்பா?"

"தெருவுக்கே தெரியும் சார்."

"சட்டத்துக்குத் தெரியாதே." ஒரு கோடு விழுந்தது. "நாற்பத்திரண்டும் நாற்பத்தி மூணும் ஒரே கை."

"அது என் மாமியார். உங்க மேல கோபம் ஜாஸ்தி. ரெண்டு தடவை போட்டுட்டாங்க."

"கோபத்துக்கு ஒரு கையெழுத்து போதும்." இன்னொரு கோடு. "எண்பத்தொண்ணு. வயசு பதினாறு."

"ஆளைப் பார்த்தா இருபது சொல்லலாம் சார்."

"காகிதத்துல பதினாறுதானே தெரியுது? நூத்தி இருபத்தாறு, பக்கத்து ஊர்க்காரர்."

"எங்க சம்பந்தி சார்! இந்த ஊருக்குப் பொண்ணு கொடுத்தவர்."

"பொண்ணு கொடுத்தா சம்பந்தி ஆகலாம்மா. வாக்காளர் ஆக முடியாது." அதற்கும் ஒரு கோடு. கடைசிப் பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இது கையெழுத்தா, வேற ஏதாவதா?"

தையல்கடைக்காரம்மா எட்டிப் பார்த்தாள். குரல் இறங்கியது. "அது... பேனா எழுதுதான்னு கிறுக்கிப் பார்த்தது சார்."

"ஆக, அஞ்சு போச்சு. நூத்தித் தொண்ணூத்தொன்பது. ஒண்ணு குறையுது."

உட்கார வராதவள் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"வேணும்னே பண்றீங்க சார். வீடு வீடா ஏறி இறங்கி என் செருப்பே தேய்ஞ்சு போச்சு. உங்க நாற்காலியைக் காப்பாத்திக்க எப்படியெல்லாம் ஓட்டை கண்டுபிடிக்கிறீங்க!"

"ஒரே ஒரு கையெழுத்து தப்பா இருந்தாலும் நகர்மன்றத் தலைவர் மொத்தத்தையும் தூக்கி எறிஞ்சிடுவார். நானே பார்க்கிறது நல்லது."

"ஓடிப்போய் யாரையாவது இழுத்துட்டு வரட்டுமா?"

"மணி மூணு ஐம்பத்தேழு. நீங்க படி இறங்கி ஏறுறதுக்குள்ள கூட்டம் ஆரம்பிச்சிடும். அடுத்தது மூணு மாசம் கழிச்சுத்தான்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கமா சார் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மூலையைப் பார்த்தார்.

"ஏம்மா, நீங்க உள்ளூர்தானே? ஒரு கையெழுத்துப் போடுங்களேன்."

டைப்பிஸ்ட் அம்மாவின் தலை மெல்லக் கணினிக்குப் பின்னால் மறைந்தது. "நான்... ஏற்கெனவே போட்டுட்டேன் சார். நூத்தி நாலு."

கமா சார் புரட்டிப் பார்த்தார். "ம்... செல்லும்."

சிவப்புப் பேனாவை மூடிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்தார். கடைசிப் பக்கத்தின் அடியில் தன் முழுப் பெயரையும் வாடகை வீட்டு முகவரியையும் தெளிவாக எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார். மேலே டமாரென்று முத்திரையைக் குத்தினார்.

"இருநூறு. எனக்கும் இந்த ஊர்லதான் ஓட்டு. அலுவலர் போடக் கூடாதுன்னு விதியில எங்கேயும் இல்லை. போன வாரமே தேடிப் பார்த்துட்டேன்."

தையல்கடைக்காரம்மா துள்ளி எழுந்தாள். "சார்... இது உங்களை ஊரைவிட்டு அனுப்பச் சொல்ற மனு சார்!"

"தெரியும், ஓடுங்கம்மா! பொண்டாட்டி பிள்ளைங்க இருக்கிற ஊருக்கு மாத்தல் கேட்டு நான் கொடுத்த ஒன்பது மனுவையும், 'பொதுமக்களிடமிருந்து உங்கள் மீது ஒரு புகார்கூட வரவில்லை'ன்னு சொல்லித்தானே தலைவர் திருப்பி அனுப்பினார்!"