ஒரு பிடி வேர்மண்

"ஏய்! யாரு கொடியில கை வைக்கிற?"

இராஜம் போட்ட சத்தத்துல, தோட்டத் தொழிலாளிக வரிசையாக் குடியிருக்கிற அந்த லயமே வாசலுக்கு வந்துடுச்சு.

பக்கத்துக் காம்பரா வீட்டு சர்மிளா, இராஜத்தோட மிளகுக் கொடிக்கு அடியில குந்தியிருந்தா. கையில ஒரு சொப்பின் பேக். அதுக்குள்ள ஒரு பிடி மண்.

அடுத்த வீட்டு மண்ணைத் திருட்டுத்தனமா அள்ளுறது எதுக்குன்னு தோட்டத்துல யாருக்குத் தெரியாது? செய்வினைக்குத்தான்! இந்த மழைக்கு வேரழுகல் வந்து எல்லார் கொடியும் பட்டுப்போச்சு, சர்மிளாவோடதும்தான். இராஜத்தோடது மட்டும் பச்சைப் பசேல்னு நிக்குது. புருஷன் இல்லாத வீடு. மக படிப்பே அந்தக் கொடியை நம்பித்தான். பொறுக்குமா வயித்தெரிச்சல்?

"அக்கா, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"என்னத்தைடி சொல்லப்போற? எந்தக் கட்டாடிகிட்ட மந்திரிக்கக் குடுக்கப்போற? உன் கொடி செத்தா என் கொடியும் சாகணுமா? துரைகிட்ட சொல்லி உன்னை லயத்தை விட்டே கிளப்புறேன் பாரு!"

"அதானே! இவளை நம்பிப் புள்ளைகளை விட்டுட்டு வேலைக்குப் போறோமே"ன்னுச்சு கூட்டத்துல ஒரு குரல்.

சர்மிளா அழுதுட்டா.

அந்த நேரம் பார்த்து விவசாய ஆபீஸ் மதுசன் மோட்டார் சைக்கிள்ல வந்து இறங்கினாரு.

"நல்லா வந்தீங்க சேர்! இவ செய்ற அநியாயத்தைப் பாருங்க!"

"மண்ணு நான்தாம்மா கேட்டேன். வேரழுக வைக்கிற பூஞ்சணத்தை அழிக்க, மண்ணுல இருக்கிற நல்ல பக்டீரியாவைப் போத்தல்ல குடுத்தேன்ல? ஊத்தின கொடியோட வேர்ல அது இன்னும் உயிரோட இருக்கான்னு பார்க்கணும்."

"அப்போ ஊத்தினவங்க கொடியில தோண்டுங்க! கிருமியைக் கொண்டுபோய் வேர்லயா ஊத்துவாங்கன்னு போத்தலே வேணாம்னவ நான். இந்த லயத்துல வாங்கினது இவ ஒருத்திதான்!"

மதுசன் திரும்பி, சர்மிளா வாசல்ல காஞ்சு நின்ன கொடியைப் பார்த்தாரு.

"என்ன சர்மிளா, உங்க கொடிக்கு ஊத்தலையா?"

சர்மிளா முகத்தைத் துடைச்சுக்கிட்டா.

"இருந்தது ஒரு போத்தல்தானே சேர். அக்கா இரத்தினபுரி ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போ அவங்க கொடியும் வாடத் தொடங்கிருச்சு. எங்களுக்கு அவரு சம்பளமாச்சும் வருது. அக்காவுக்கு இதை விட்டா வேற என்ன இருக்கு?"