கழலாத தூண்டில்

"இத்தாப் பெரிய கம்பை பஸ்ஸுக்குள்ள எப்படிங்க ஏத்தறது? யார் கண்ணையாவது குத்திப்புடும். ரெண்டாக் கழட்டிட்டு ஏறுங்க."

கண்டக்டர் தனபால் படியிலேயே மறித்துவிட்டார்.

கீழே நின்ற ஜெப்சன் கையில் எட்டடி நீளத்தில் ஒரு தூண்டில் கம்பு. "கழலத்தானுங்க மாட்டேங்குது. மத்தியானத்துலேர்ந்து இழுத்துப் பாக்கறேன். நடுவுல சொருகற இடம் இறுகிப் போச்சுங்க."

"அப்ப அடுத்த பஸ்ஸுல வாங்க."

"அடுத்தது எட்டரைக்குத்தானுங்களே!"

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மலர் கண்ணை மூடிக்கொண்டாள். சனிக்கிழமை. லாட்ஜில் பதினாறு ரூம் கூட்டித் துடைத்து, அத்தனை பெட்ஷீட்டும் மாற்றியாகிவிட்டது. இடுப்பு அவளுடையதாகவே இல்லை. நாகலூரில் இறங்கி இன்னும் ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். போய்த்தான் உலை வைக்க வேண்டும்.

பஸ் ஐந்தரைக்குக் கிளம்பியிருக்க வேண்டும். மணி ஐந்து முப்பத்திரண்டு.

பாவப்பட்டு ஒருவர் இறங்கிப் போய் மறுமுனையைப் பிடித்தார். ஜெப்சன் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். கை வழுக்கி ரெண்டு பேரும் பின்னால் தள்ளாடியதுதான் மிச்சம். அவர் உள்ளங்கையை ஊதிக்கொண்டே வந்து சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

தனபால் விசிலை வாயில் வைத்தார். ரோட்டை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, விசிலை எடுத்துவிட்டு, "சரி கொண்டாங்க, நானே பாக்கறேன்" என்று இறங்கினார்.

"போச்சு!" என்றார் பின் சீட்டு சக்திவேல். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர்.

தனபால் டீக்கடை ஓரமாகப் போய்க் குந்தினார். கம்பை முழங்காலுக்குப் பின்னால் வைத்து, இரண்டு பக்கமும் கையால் பிடித்துக்கொண்டு, முழங்காலை விரித்து அமுக்கினார். பஸ்ஸுக்குள் சிரிப்பு கிளம்பியது. மலருக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. மீதியை ஜெப்சன் மறைத்துக்கொண்டு நின்றான்.

ஐந்து முப்பத்தாறு.

"வருதா இல்லியா?" சக்திவேல் கத்தினார்.

"இந்தா வந்துருச்சுங்க." தனபால் திரும்பாமலே சொன்னார். "தம்பி, டீக்கடையில ஒரு டம்ளர் சுடுதண்ணி வாங்கிட்டு வா."

சுடுதண்ணி வந்தது. ஊற்றினார்கள். துண்டைச் சுற்றி இழுத்தார்கள். தனபால் "ஏலே... ஏலே..." என்று மூச்சுப் பிடித்தார். அப்போதும் வரவில்லை.

மலருக்குப் பொறுக்கவில்லை. ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"ஏனுங்க கண்டக்டர், மீன் புடிக்கப் போனவருக்கு இருக்கற மருவாதி, இடுப்பொடிய வேலை செஞ்சுட்டு வர்றவளுக்கு இல்லீங்களா? நாங்களும் ஊடு போய்ச் சேரோணுமில்ல?"

"ரெண்டே நிமிசம், அம்மணி."

"இதோ டெப்போவுக்குப் போன் போடறேன்" என்றார் சக்திவேல்.

"போடுங்கண்ணா. கேட்டாங்கன்னா நானும் சொல்றேன்."

டிரைவர் வெங்கடேஷ் மட்டும் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துத் தூங்குகிற மாதிரி இருந்தார். பின்வாசல் வழியாக யாரோ இரண்டு பேர் ஏறினார்கள். ஒல்லியாக ஒரு ஆள், அவர் தோளைத் தாங்கியபடி ஒரு பெண். அந்த ஆளுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான். மற்றவர்கள் கவனமெல்லாம் டீக்கடைப் பக்கம்தான்.

"வந்துருச்சு!"

தனபால் கையில் இரண்டு துண்டுகள். பஸ்ஸுக்குள் கேலியாக யாரோ கைதட்டினார்கள். விசில் ஊதினார். ஐந்து நாற்பத்தேழு.

"பதினேழு நிமிசம்! நீயெல்லாம் கவர்மெண்ட் சம்பளம் வாங்கற!" சக்திவேல் விடவில்லை.

"தப்புதானுங்க" என்றார் தனபால், டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே.

ஜெப்சன் மலரின் சீட்டோரம் நின்றான். வளைவில் பஸ் திரும்பியபோது கம்பியைப் பிடிக்க முடியாமல் ஆடினான். ஒரு கையில் தூண்டில், ஒரு கையில் பை.

"அக்கா, இதைக் கொஞ்சம் வச்சுக்கறீங்களா?"

மலர் கம்புத் துண்டுகளை வெடுக்கென்று வாங்கி மடியில் போட்டாள்.

"உன் ஒரு கம்புக்கு இத்தனை பேர் காயோணுமா, தம்பி? உனக்குந்தான் அறிவில்ல, அந்த மனுசனுக்குமா இல்ல? பஸ்ஸே அவரு சொத்து மாதிரி நிறுத்தி வெச்சுட்டாரு."

ஜெப்சனுக்கு முகம் சிவந்தது. முன்னால் தனபாலைப் பார்த்தான். ஒரு பெரியவர் அவரிடம் கையை ஆட்டி ஆட்டிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். தனபால் தலையை மட்டும் ஆட்டினார்.

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்க அக்கா."

"ஏன் சொல்லக்கூடாது?"

ஜெப்சன் குனிந்தான். பின் சீட்டுக்குக் கேட்டுவிடாமல், மெதுவாகச் சொன்னான்.

"முட்டியில வச்சு ஒரே அமுக்குதானுங்க, அப்பவே கழண்டுருச்சு. அவருதான் திரும்பச் சொருகிட்டு, 'கொஞ்ச நேரம் இழுக்கற மாதிரியே நில்லு தம்பி. சேலத்துல கிட்னிக்கு ரத்தம் சுத்தம் பண்ணிட்டு சித்தண்ணன் ஏரி முக்குல நடந்து வந்துட்டிருக்காரு. போன வாரம் அவருக்காக நின்னதுக்கு, ஏறினதும் பஸ்ஸே சேர்ந்து அந்த மனுசனைத் திட்டித் தீர்த்துருச்சு. இன்னைக்குத் திட்டெல்லாம் நாம வாங்கிக்கலாம்'னாரு."